பேட்டன் ரௌஸ்

பிரான்சிஸ் பேட்டன் ரௌஸ் (அக்டோபர் 5, 1879 - பெப்ரவரி 16, 1970) அமெரிக்காவைச் சேர்ந்த நோயியல் அறிஞர் ஆவார். கோழிகளில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கட்டி, உயிரணு எதுவும் கலவாத வடிநீரால் ஒரு கோழியிலிருந்து மற்றொரு கோழிக்குப் பரவக்கூடியது என்பதை 1911 ஆம் ஆண்டில் இவர் நிறுவினார். அவ்வடிநீரில் இருந்த தீநுண்மி (வைரஸ்) இன்று ரௌஸ் சார்க்கோமாத் தீநுண்மி என இவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. இதற்காக 55 ஆண்டுகள் கழித்து, 1966 ஆம் ஆண்டில், மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. அப்போது இவருக்கு வயது 87. மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களுள் இவரே மிக முதியவர்.

எலி, பூனை, மாடு, குரங்கு, மனிதன் எனப் பல்வேறு உயிரினங்களில் பின்னர் கண்டறியப்பட்ட ரெட்ரோவைரஸ் என்னும் தீநுண்மிக் குடும்பம், இவருடைய கோழித் தீநுண்மியோடு ஒப்பிடப்பட்டே அறிந்துகொள்ளப்பட்டது. எயிட்சு நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி.யும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இளமையும் கல்வியும்

ரௌஸ் மேரிலாந்து மாநிலத்தின் பால்ட்டிமோர் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் ரௌஸ் தானிய ஏற்றுமதி வணிகர். ரௌஸ் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாயார் பிரான்சிஸ் ஆண்டர்சன் வுட்டின் உறவினர் டெக்சசு மாநிலத்தில் இருந்தனர். ஆயினும் மூன்று பிள்ளைகளின் கல்வியைக் கருதி அவர் பால்ட்டிமோரிலேயே தங்கிவிட்டார். ரௌசுக்கு இளமையில் தாவரங்களிலும் இயற்கையிலும் மிகுந்த ஈடுபாடு இருந்தது. மாணவராக இருந்தபோதே அந்நகரத்து நாளிதழ் ஒன்றில் ஒவ்வொரு மாதமும் மலரும் காட்டுப்பூக்களைப் பற்றி எழுதிச் சிறிது பணம் ஈட்டினார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1900 இல் இளங்கலைப் பட்டம் பெற்று, அங்கேயே மருத்துவம் பயிலத் தொடங்கினார். இரண்டாம் ஆண்டில் பிணக்கூறாய்வின்போது காசநோய் பற்றிய எலும்பொன்று விரலைக் கீறியதால் இவருக்கும் அந்நோய் தொற்றியது. அக்குளில் வீங்கிய நிணநீர்க் கணுக்கள் அறுவை மூலம் அகற்றப்பட்டன. காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. ஓய்வும் திறந்தவெளிக் காற்றும் தவிர வேறு சிகிச்சை கிடையாது. டெக்சசில் உறவினரின் மாட்டுப் பண்ணைக்குச் சென்ற ரௌஸ், ஓராண்டு காலம் குதிரையேறி மாடு மேய்க்கும் தொழிலாளர்களுடன் வாழ்ந்தார். அந்த ஆண்டைத் தம் வாழ்வின் சிறந்த காலங்களுள் ஒன்றாகப் பிற்காலத்தில் கருதினார்.

உடல் தேறித் திரும்பி 1905 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளிகளைக் கவனிப்பதைவிட நோயை ஆராய்வதே தமக்குப் பொருந்தும் என முடிவு செய்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் பயிற்றாசிரியராகச் சேர்ந்தார். அங்கு துறைத் தலைவராக இருந்த ஆல்பிரட் வார்த்தின், தமக்குரிய கோடைக்கால ஊதியத்தை விட்டுக்கொடுத்து இளைஞரான ரௌசைச் செருமனியின் டிரெஸ்டன் நகருக்குப் படிக்க அனுப்பினார். அறிவியல் வரலாற்றில் அதிகம் பேசப்படாத இத்தகைய உதவிகள் இல்லாமல் பெரிய கண்டுபிடிப்புகள் பல நிகழ்ந்திருக்க மாட்டா. ஊர் திரும்பியபின் மீண்டும் காசநோய், இம்முறை நுரையீரலில் வெளிப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலைப்பகுதியில் தங்கிக் குணமடைந்தார்.

1909 இல் நியூயார்க் நகரிலிருந்த ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் சைமன் பிளெக்ஸ்னர் இவரை அழைத்தார். இளம்பிள்ளை வாதத்தை ஆராய முனைந்த பிளெக்ஸ்னர், தம்மிடமிருந்த புற்றுநோய் ஆய்வுக்கூடத்தை ரௌசிடம் ஒப்படைக்க விரும்பினார். புற்றுநோய் அன்று அறிஞர் பலரும் அஞ்சி ஒதுங்கிய துறை. அதில் சிக்கிக்கொள்ள வேண்டாம் என மூத்தோர் சிலர் எச்சரித்தும் ரௌஸ் அப்பணியை ஏற்றார்.

கோழிக் கட்டி

அதே ஆண்டில், மார்பில் பெரிய கட்டியுடன் கூடிய பிளிமத் ராக் இனப் பெட்டைக்கோழி ஒன்று ராக்பெல்லர் நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. கட்டியை அறுத்தெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்த ரௌஸ், அது இணைப்பிழையத்தில் தோன்றும் சார்க்கோமா வகைப் புற்று எனக் கண்டார். அக்கட்டியின் சிறு துண்டுகளை அதே கோழியின் உடலில் வேறு இடத்திலும், அதே பட்டியைச் சேர்ந்த பிற கோழிகளிலும் பதித்தார். சில கோழிகளில் கட்டி வளர்ந்தது. உறவற்ற பிற கோழிகளில் தொடக்கத்தில் வளரவில்லை. கோழிக்குக் கோழி மாற்றப்பட்டுப் பல தலைமுறைகள் கடந்தபின் கட்டியின் வேகம் கூடிற்று. வேறு கோழிகளிலும் வளரத் தொடங்கியது. பறவையொன்றின் புற்றுக்கட்டி இவ்வாறு மாற்றி வளர்க்கப்பட்டதே அன்று புதுமையாக இருந்தது. இதனை 1910 இல் வெளியிட்டார்.

அடுத்துச் செய்த சோதனைதான் இவரை வரலாற்றில் நிறுத்தியது. கட்டியை மணலுடன் சேர்த்து அரைத்து, உப்புக் கரைசலில் கலந்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றித் தெளிந்த நீரை மட்டும் எடுத்தார். அந்நீரைச் சிறிய பாக்டீரியாக்களையும் தடுத்து நிறுத்தும் பெர்க்கெபெல்டு வடிகட்டியின் வழியே செலுத்தினார். வடிகட்டியில் ஓட்டை எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்ய, பாக்டீரியாக் கலவையைச் செலுத்தியும் சோதித்தார். உயிரணு ஒன்றுகூட இல்லாத இந்த வடிநீரைக் கோழிகளுக்கு ஊசி மூலம் ஏற்றியபோது, அதே சார்க்கோமா மீண்டும் தோன்றியது.

புற்றுநோய் என்பது உடலின் சொந்த உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுவது. எனவே உயிருள்ள புற்று உயிரணுவை மாற்றிப் பதித்தாலன்றி அது பரவாது என்பதே அன்றைய உறுதியான கொள்கை. ரௌசின் சோதனை அதற்கு நேர் எதிரானது. அவரோ மிகுந்த எச்சரிக்கையுடன் எழுதினார். தீநுண்மி என்று அடித்துச் சொல்லாமல், வடிகட்டியைக் கடக்கும் ஒரு காரணி என்ற அளவிலேயே நிறுத்திக்கொண்டார்.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1908 இல், கோப்பன்கேகன் நகரில் வில்கெல்ம் எல்லர்மன், ஒலுப் பாங் என்னும் டென்மார்க்கு அறிஞர் இருவர், கோழிகளின் குருதிப் புற்று வடிநீரால் பரவுவதைக் கண்டிருந்தனர். ஆனால் குருதிப் புற்றை உண்மையான புற்றுநோய் வகையில் சேர்க்கும் வழக்கம் அப்போது இல்லாததால், அதனை எவரும் பெரிதாகக் கொள்ளவில்லை. ரௌசின் கட்டியோ கையால் தொட்டு உணரக்கூடிய, உறுப்புகளுக்குப் பரவிக் கோழியைக் கொல்லும் புற்று. அதனாலேயே அதற்கு எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது.

ஒரு கட்டி தற்செயலாக இருக்கலாம் என்பதை உணர்ந்த ரௌஸ், மேலும் பல கோழிக் கட்டிகளைத் தேடிச் சேகரித்தார். அவற்றுள் சில வடிநீரால் பரவின. எலும்பும் குருத்தெலும்பும் உண்டாக்கும் கட்டியின் வடிநீர் மீண்டும் எலும்புக் கட்டியையே உண்டாக்கியது. முதற் கட்டியின் வடிநீர் அதற்குரிய சார்க்கோமாவையே உண்டாக்கியது. ஆகவே ஒன்றுக்கொன்று உறவுடைய, ஆயினும் தனித்தன்மை கொண்ட பல காரணிகள் கோழிகளில் உள்ளன என்பது தெரியவந்தது. நெருங்கிய தீநுண்மிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வுமுறைக்கு இதனை ஒரு தொடக்கமாகக் கொள்ளலாம். இப்பணியில் இவருடன் இருந்த ஜேம்ஸ் மர்பியோடு சேர்ந்து, கருவுற்ற கோழிமுட்டையின் உள்ளே இக்காரணியை வளர்க்கவும் செய்தார். தீநுண்மிகளை முட்டையில் வளர்த்தல் பிற்காலத்தில் தடுப்பூசித் தயாரிப்பில் பெருவழக்காயிற்று.

ஐயமும் கைவிடலும்

கோழிக்குக் கண்டது பாலூட்டிகளுக்கும் பொருந்துமா என்பதே அடுத்த வினா. எலிகளின் கட்டிகளில் இதே முறையை ரௌஸ் பலமுறை முயன்று பார்த்தார். ஒன்றும் கிட்டவில்லை. கோழிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள தொலைவைக் காட்டி, இது பறவைகளுக்கே உரிய விந்தை என்று பலர் ஒதுக்கினர். அது புற்றுக் கட்டியே அன்று என்றனர் சிலர். கண்ணுக்குத் தப்பிய உயிரணுக்கள் வடிகட்டியைக் கடந்திருக்கும் என்றனர் வேறு சிலர். 1915 அளவில் ரௌஸ் இவ்வாய்வைக் கைவிட்டார்.

எலிகளில் அவர் தோற்றதற்கான காரணம் நெடுங்காலம் கழித்தே தெளிவாயிற்று. எலிகளின் பல ரெட்ரோவைரஸ்கள் வளர்ந்த எலிக்கு ஏற்றினால் நோயைத் தருவதில்லை. பிறந்த சில மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். அதன் பின்னரும் நோய் வெளிப்படப் பல மாதங்கள் ஆகும். கோழிச் சார்க்கோமாவோ சில வாரங்களிலேயே தோன்றிவிடும். ரௌசுக்கு முதலில் கிடைத்த தீநுண்மி, தன் குடும்பத்திலேயே விதிவிலக்கான வேகம் கொண்டதாக அமைந்துவிட்டது.

குருதிச் சேமிப்பு

முதலாம் உலகப் போர்க் காலத்தில் ரௌஸ் குருதியைக் கெடாமல் வைப்பது பற்றி ஆராய்ந்தார். அதுவரை குருதி கொடுப்பவரும் பெறுபவரும் அருகருகே இருந்தாகவேண்டும். எடுத்த குருதி விரைவில் உறைந்துவிடும். ஜே. ஆர். டர்னர் என்பவருடன் சேர்ந்து, சிட்ரேட்டு உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலில் சிவப்பணுக்களைக் குளிர்நிலையில் பல நாட்கள் வைத்திருக்கலாம் என 1916 இல் காட்டினார். இவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆசுவால்ட் ராபர்ட்சன், 1917 இல் மேற்கு ஐரோப்பியப் போர்முனையில் அம்முறையைக் கையாண்டு, புட்டிகளில் சேமித்த குருதியைக் காயமுற்ற வீரர்களுக்கு ஏற்றினார். இன்றைய குருதி வங்கிகளுக்கு முன்னோடி இதுவே. புற்றுநோய் ஆய்வு ஒன்றையும் செய்யாதிருந்தாலும்கூட, இந்தப் பணி ஒன்றினாலேயே ரௌஸ் நினைவுகூரப்பட்டிருப்பார்.

அதே ஆண்டுகளில், இழையங்களை டிரிப்சின் நொதியால் பிரித்துத் தனித்தனி உயிரணுக்களாக்கும் முறையையும் வெளியிட்டார். உயிரணு வளர்ப்பில் இது இன்றளவும் நாள்தோறும் பயன்படும் முறையாகும். 1920களில் பித்தநீர், பித்தப்பை ஆகியவை பற்றி விரிவாக ஆராய்ந்தார். கல்லீரலில் உள்ள விழுங்கணுக்களுக்கு நுண்ணிய இரும்புத் துகள்களை உண்ணக் கொடுத்து, பின்னர் காந்தத்தால் அவற்றை மட்டும் பிரித்தெடுத்தது இவருடைய கைத்திறனுக்கு ஒரு சான்று.

குடும்பம்

1915 இல் மேரியன் எக்போர்டு டிகே என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பெண்கள். மூத்த மகள் மார்னி, நரம்புத் தூண்டல் ஆய்வுக்காக 1963 இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் ஆலன் ஆட்ச்கினை மணந்தார். ஆகவே மருமகன் நோபல் பரிசு பெற்று மூன்று ஆண்டுகள் கழித்தே மாமனாருக்கு அப்பரிசு கிடைத்தது.

முயல் பாலுண்ணி

1933 இல், ராக்பெல்லர் நிறுவனத்தில் ரௌசின் நண்பராக இருந்த ரிச்சர்டு ஷோப், அமெரிக்கக் காட்டு முயல்களின் தோலில் கொம்பு போல் வளரும் பாலுண்ணிகள் ஒரு தீநுண்மியால் வருவதைக் கண்டார். அதன் மேலாய்வை அவர் ரௌசிடம் ஒப்படைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் ரௌஸ் மீண்டும் புற்றுநோய்க்குத் திரும்பினார். காட்டு முயலில் பெரும்பாலும் தீங்கற்றிருந்த அப்பாலுண்ணி, வீட்டு முயலுக்கு ஏற்றப்பட்டபோது அடிக்கடி கொடிய புற்றாக மாறியது. ஒரே தீநுண்மி, இரண்டு விலங்குகள், இரண்டு வேறு முடிவுகள். கரித்தார் தடவிய தோலில் அத்தீநுண்மியின் விளைவு பெருகுவதையும் கண்டார். புற்று ஒரே அடியில் தோன்றுவதில்லை. தொடக்கிவைக்கும் ஒரு நிகழ்வும் வளர்த்துவிடும் வேறு நிகழ்வுகளும் தேவை என்னும் கருத்து இந்த ஆய்வுகளிலிருந்து உருவானது.

முயல் பாலுண்ணித் தீநுண்மி ரெட்ரோவைரஸ் அன்று, அது டி.என்.ஏ. கொண்ட வேறொரு குடும்பம். மனிதரில் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமாத் தீநுண்மி அக்குடும்பத்தைச் சேர்ந்தது.

பிற விலங்குகளில் உறவுத் தீநுண்மிகள்

ரௌஸ் விட்டுச்சென்ற வழியில் பிறர் மெல்ல நடந்தனர். 1936 இல் ஜான் பிட்னர், எலிகளின் மார்புப் புற்று தாய்ப்பாலின் வழியே குட்டிகளுக்குச் செல்வதைக் காட்டினார். புற்று மிகுந்த வகை எலியின் குட்டியைப் புற்றில்லா வகைத் தாயிடம் பாலருந்தச் செய்தால் நோய் குறைந்தது. ரௌசுக்கு நேர்ந்ததை அறிந்திருந்த பிட்னரும் தீநுண்மி என்ற சொல்லைத் தவிர்த்தே எழுதினார். 1951 இல் லுட்விக் கிராஸ், பிறந்த எலிக்குட்டிகளில் குருதிப் புற்றை வடிநீரால் உண்டாக்கினார். 1964 இல் கிளாஸ்கோ நகரத்துக் கால்நடை மருத்துவ அறிஞர் வில்லியம் ஜாரெட், ஒரே வீட்டில் வளர்ந்த பல பூனைகளுக்குப் புற்று வந்ததைப் பின்தொடர்ந்து பூனைக் குருதிப் புற்றுத் தீநுண்மியைக் கண்டார். 1969 இல் மாடுகளிலும், அடுத்து கிப்பன் குரங்குகளிலும் இவ்வகைத் தீநுண்மிகள் காணப்பட்டன. 1980 இல் இராபர்ட் காலோவின் குழுவினர் மனிதரின் முதல் ரெட்ரோவைரசை அறிவித்தனர். பறவைகளுக்கே உரிய விந்தை என்ற வாதம் அத்தோடு முடிந்தது.

இவற்றை ஒப்பிட்டபோது ஓர் அடிப்படை அமைப்பு வெளிப்பட்டது. இவை யாவும் ஆர்.என்.ஏ.யைத் தம் மரபுப்பொருளாகக் கொண்டவை. உள்ளுடற் புரதங்களுக்கு ஒன்று, நொதிகளுக்கு ஒன்று, மேலுறைப் புரதத்துக்கு ஒன்று என மூன்று முதன்மை மரபணுக்கள் அதே வரிசையில் எல்லாவற்றிலும் உள்ளன. வேறுபாடுகள் இவற்றுக்கு மேலாகச் சேர்ந்த கூடுதல் மரபணுக்களிலும், புறத்தே பற்றிக்கொள்ளும் மேலுறையிலும் மிகுதி. நொதி மரபணுவோ மிகக் குறைவாக மாறுவது. ஆகவே உறவுமுறையைக் கணிக்க அதனையே பெரிதும் ஒப்பிடுகின்றனர். அக்கணிப்பில் சில முடிவுகள் வியப்பூட்டுபவை. பூனையின் குருதிப் புற்றுத் தீநுண்மி எலியினதற்கு நெருங்கிய உறவு. மாட்டினதோ மனிதரின் முதல் ரெட்ரோவைரசோடு சேர்கிறது. எச்.ஐ.வி.யின் உறவினர் குரங்குகளில் மட்டுமன்றிக் குதிரை, செம்மறியாடு, பூனை ஆகியவற்றிலும் உள்ளனர். விலங்குகளின் உறவுமுறையும் அவற்றின் தீநுண்மிகளின் உறவுமுறையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. தீநுண்மிகள் இனம் தாண்டி இனம் பாய்ந்திருப்பதே காரணம்.

இப்பாய்ச்சலைச் சோதனைக்கூடத்திலேயே காட்டியதும் ரௌஸ் தீநுண்மிதான். 1950களின் இறுதியில் அதன் சில வகைகள் எலிகளிலும் கட்டியை உண்டாக்குவதை மாஸ்கோ ஆய்வாளர்கள் கண்டனர். பிராகா நகரில் யான் சுவோபோதா ஆராய்ந்த எலிக் கட்டி ஒன்றில் தீநுண்மி எதுவும் தென்படவில்லை. ஆனால் அதன் உயிரணுக்களைக் கோழி உயிரணுக்களோடு சேர்த்தபோது தீநுண்மி மீண்டும் வெளிவந்தது. அது எலி உயிரணுவின் மரபுப்பொருளுக்குள்ளேயே ஒளிந்திருந்தது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

நோபல் பரிசு

ரௌசின் பெயர் நோபல் பரிசுக்கு முதன்முதலில் 1926 இல் முன்மொழியப்பட்டது. முன்மொழிந்தவர் குருதி வகைகளைக் கண்டறிந்த கார்ல் லாண்டுஸ்டெய்னர். அப்போதும் அதற்குப் பின்னர் பலமுறையும் பரிசு மறுக்கப்பட்டது. 1966 இல் சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் அக்கின்சும் இவரும் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அக்கின்சுக்கு விந்துப்பைச் சுரப்பிப் புற்றுக்கான இயக்குநீர்ச் சிகிச்சைக்காகப் பரிசு அளிக்கப்பட்டது. இதற்கு முன் 1958 இல் லாஸ்கர் விருதும், 1965 இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் ரௌசுக்குக் கிடைத்திருந்தன. இலண்டன் வேந்தியக் கழகம் 1940 இல் இவரை அயல்நாட்டு உறுப்பினராக்கியது.

1945 இல் அலுவல்முறையில் ஓய்வுபெற்றபின்னும் ஆய்வுக்கூடத்துக்கு வருவதை இவர் நிறுத்தவில்லை. பரிசோதனை மருத்துவ ஆய்விதழின் ஆசிரியராக 1920களின் தொடக்கம் முதல் இறக்கும்வரை பணியாற்றினார். பிறர் கட்டுரைகளைச் சொல் சொல்லாகத் திருத்துவதில் இவர் காட்டிய கண்டிப்பு பெயர்பெற்றது.

ஒரு முரண்பாடு குறிப்பிடத்தக்கது. உடலணுக்களின் மரபணுவில் ஏற்படும் திடீர் மாற்றமே புற்றுக்குக் காரணம் என்னும் கொள்கையை ரௌஸ் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். நோபல் உரையிலும் அதனை மறுத்துப் பேசினார். அக்கொள்கைக்கு மிக வலுவான ஆதாரம் அவருடைய கோழித் தீநுண்மியிலிருந்தே பின்னர் கிடைத்தது. ஐம்பது ஆண்டுகள் பிறருடைய மறுப்பைத் தாங்கியவர், தம் பங்குக்கு மற்றொன்றை மறுத்ததில் தவறிவிட்டார் எனலாம்.

ரௌஸ் வயிற்றுப் பகுதிப் புற்றுநோயால் நியூயார்க்கில் 1970 பெப்ரவரி 16 அன்று காலமானார்.

இறப்புக்குப் பின்

அவர் இறந்து நான்கு மாதங்களில், 1970 சூன் மாதம், அவருடைய தீநுண்மி மீண்டும் தலைப்புச் செய்தியாயிற்று. ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யை எழுதும் நொதியை ரௌஸ் தீநுண்மியில் ஓவர்ட் டெமினும் சத்தோசி மிசுத்தானியும், எலிக் குருதிப் புற்றுத் தீநுண்மியில் டேவிட் பால்ட்டிமோரும் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற வழமையான திசைக்கு இது பின்னோக்கிய செயல். ரெட்ரோ என்னும் முன்னொட்டு அதனால் வந்தது. டெமினும் பால்ட்டிமோரும் 1975 இல் நோபல் பரிசு பெற்றனர். எச்.ஐ.வி.க்கு எதிரான முதல் மருந்துகள் இந்நொதியைத் தடுப்பவையே.

ரௌஸ் தீநுண்மியின் வேகத்துக்குக் காரணம் என்ன என்ற வினாவுக்கு விடை 1976 இல் கிடைத்தது. மற்ற மூன்று மரபணுக்களுக்கு அப்பால் அதில் நான்காவதாக ஒன்று உண்டு. சார்க்கோமாவை உண்டாக்குவது அதுவே. சார்க் எனப்படும் அம்மரபணுவை இழந்த தீநுண்மிகளோடு முழுத் தீநுண்மியை ஒப்பிட்டு, அதனை மட்டும் தனியே பிரித்தெடுத்தனர் சான் பிரான்சிஸ்கோவில் பணியாற்றிய மைக்கேல் பிஷப், அரால்டு வார்மசு, தொமினிக் இசுடெகலின் ஆகியோரும் அவர்களுடன் ஒத்துழைத்த பீட்டர் ஓக்டும். நோயற்ற கோழியின் டி.என்.ஏ.யில் தேடியபோது அதே மரபணு அங்கேயே இருந்தது. காடை, வான்கோழி, வாத்து, ஈமு ஆகியவற்றிலும் இருந்தது. கோழியிலிருந்து பறவை எவ்வளவு விலகிய உறவோ அவ்வளவு அம்மரபணுவும் மாறியிருந்தது. தீநுண்மி கொண்டுவந்த பொருளாயின் இத்தகைய ஒழுங்கு இருக்காது. ஆகவே அது பறவைகளின் சொந்த மரபணு. தீநுண்மிதான் என்றோ ஒரு கோழியிடமிருந்து அதனைக் களவாடியது. பிஷப்பும் வார்மசும் 1989 இல் நோபல் பரிசு பெற்றனர்.

காட்டுக்கோழிகளும் ரெட்ரோவைரஸ்களும்

இதற்கு நேர்மாறான விடையொன்று காட்டுக்கோழிகளிடமிருந்து வந்தது. கோழிகளின் ரெட்ரோவைரஸ்கள் முட்டை வழியே தாயிடமிருந்து குஞ்சுக்குத் தொற்றுவதோடு, சில வேளைகளில் கோழியின் சொந்த டி.என்.ஏ.யிலேயே நிலையாகப் பதிந்து, பரம்பரைச் சொத்தாகவும் இறங்குகின்றன. ஆங்கிலேய அறிஞர் இராபின் வைசு 1960களின் இறுதியில் இதனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். வீட்டுக்கோழியின் மூதாதையரிடமும் இது உண்டா என்று பார்க்க மலேசியக் காடுகளின் கோழிகளும் ஆராயப்பட்டன.

காட்டுக்கோழிப் பேரினத்தில் நான்கு இனங்கள் உள்ளன: வட இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை வாழும் சிவப்புக் காட்டுக்கோழி, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழி, இலங்கையின் தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழி, சாவகத்தின் பச்சைக் காட்டுக்கோழி. 1979 இல் வெளியான ஆய்வில், வீட்டுக்கோழியின் உள்ளுறை ரெட்ரோவைரஸ் சிவப்புக் காட்டுக்கோழியில் மட்டுமே காணப்பட்டது. ஏனைய மூன்று இனங்களிலும் அது தென்படவில்லை. நான்கு இனங்களும் பிரிந்துபோன பிறகே அத்தீநுண்மி சிவப்புக் காட்டுக்கோழியின் மரபில் நுழைந்திருக்கவேண்டும். சார்க் மரபணு பறவைகளின் வம்சாவளியைப் பின்பற்றியது, இத்தீநுண்மி பின்பற்றவில்லை. ஒரு மரபுத்தொடர் விலங்கின் சொந்தப் பொருளா, வெளியிலிருந்து வந்ததா என்பதை இத்தகைய ஒப்பீடே பிரித்துக் காட்டுகிறது. எல்லாக் காட்டுக்கோழிகளிலும் காணப்படும், இதனினும் பழைய வேறொரு உள்ளுறைத் தீநுண்மிக் குழுவும் பின்னர் அறியப்பட்டது.

சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியற் பெயர் பியேர் சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கையியலாளரைக் குறிப்பது. செஞ்சிக் கோட்டை 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அது அவர்கள் கையை விட்டுப் போன பின்னர் புதுச்சேரிக்கு வந்தவர் அவர். 1782 இல் வெளியான தம் பயண நூலில் இப்பறவையை விவரித்த சொன்னெரா, வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே எனக் கருதினார். சார்லஸ் டார்வின் அதனை ஏற்காமல் சிவப்புக் காட்டுக்கோழியையே மூதாதையாகக் கொண்டார். உள்ளுறைத் தீநுண்மியின் சான்று டார்வின் பக்கமே சாய்ந்தது. ஆயினும் 2008 இல் வெளியான மரபணு ஆய்வொன்று, வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததாகக் காட்டியது. சொன்னெரா முழுவதும் தவறிவிடவில்லை.

தமிழ்நாட்டில் ரெட்ரோவைரஸ் ஆய்வு பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது 1986 இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த குருதி மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது. எச்.ஐ.வி.யின் முதல் வகை மத்திய ஆப்பிரிக்கச் சிம்பன்சிகளின் தீநுண்மியிலிருந்தும், இரண்டாம் வகை மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபி குரங்குகளின் தீநுண்மியிலிருந்தும் மனிதரிடம் வந்தவை என்பது, அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டதன் மூலம் 1980களின் இறுதியிலும் 1990களிலும் தெளிவாயிற்று.